வராதவரைத் தேடிச் செல்லும் உள்ளாட்சி: சமூக மருத்துவச் சேவையை மேம்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டைப் புரட்டினால், அங்கே வந்து சிகிச்சை பெற்றவர்களின் பெயர்கள் இருக்கும். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட முதியவர், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்குச் சென்றவர், இரண்டாம் தவணைத் தடுப்பூசிக்கு அழைத்து வரப்படாத குழந்தை, படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளி ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்காது. மருத்துவமனை தன்னைத் தேடி வருவோருக்குச் சிகிச்சை அளிக்கிறது. உள்ளாட்சியோ தன் எல்லைக்குள் வாழும் அனைவருக்கும், வந்தவர் வராதவர் என்ற வேறுபாடின்றி, பொறுப்பேற்றிருக்கிறது. மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் எடுத்துக்காட்டினார். அந்த நிலையைத் திருத்தும் வாய்ப்பு, ஒவ்வொரு தெருவையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் உள்ளாட்சிக்கு இருப்பதுபோல் வேறு எந்த அமைப்புக்கும் இல்லை.

சட்டமும் நிதி முறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது பெரும்பாலும் எங்கும் பொருந்தும். மன்ற உறுப்பினர்களும் அலுவலர்களும் தங்கள் ஊரின் உடல்நலத்தில் அக்கறை கொண்டோரும் அந்த வரிசையைப் பின்பற்றுவதற்காகவே இது எழுதப்படுகிறது.

முதல் படி: கையில் உள்ள அதிகாரத்தை எழுதிவைத்தல்

பொறுப்பேற்றதும் பல மன்றங்கள் புதிய மருத்துவமனைக் கட்டடம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுகின்றன. மருத்துவரை நியமிக்கும் அதிகாரம் மேல்நிலை அரசிடம் இருக்கும்போது, அந்தக் கட்டடம் பூட்டியே கிடக்க நேரும். ஆகவே முதலில் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குடிநீர், கழிவுநீர், குப்பை, உணவு விற்பனை உரிமம், தெருவிளக்கு, நடைபாதை, பூங்கா, தெருநாய்க் கட்டுப்பாடு, பிறப்பு இறப்புப் பதிவு போன்று மன்றம் தானே செய்யக்கூடியவை முதல் பத்தியில் வரும். சுகாதார நிலையத்தின் நேரம், மருந்து வழங்கல், களப்பணியாளர் நியமனம் போன்று மற்றவரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை இரண்டாவது பத்தியில் இடம்பெறும். மன்றம் கோரிக்கை மட்டுமே வைக்கக்கூடியவற்றுக்கு மூன்றாவது பத்தி.

முதல் பத்தியில் உள்ளவை பார்ப்பதற்கு மருத்துவம்போல் தோன்றாது. ஆனாலும் உடல்நலத்தில் அவற்றின் பங்கு மிகப் பெரியது. அடிப்படைச் சுகாதாரப் பராமரிப்பு என்பதில் பாதுகாப்பான குடிநீர், அடிப்படைத் துப்புரவு, போதிய உணவு ஆகியவையும் அடங்கும் என்று 1978-ல் அல்மா அட்டாவில் (இன்றைய கசகஸ்தானின் அல்மாட்டி) கூடிய பன்னாட்டு மாநாடு தெளிவாகவே அறிவித்தது.

இரண்டாம் படி: வீடு வீடாகச் சென்று நிலைமையை அறிதல்

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து, அவை பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் கண்டறிந்தார். அவருடைய வாதத்தைக் கேட்டு, செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியை அகற்றச் செய்தது அப்பகுதியின் உள்ளூர் நிர்வாகக் குழு. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் நோயாளி எங்கே வாழ்கிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்ற உள்ளூர்த் தகவலும், அதன் மேல் உடனே முடிவெடுக்கும் உள்ளூர் அதிகாரமும் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கெடுப்பை எளிமையாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ளோரின் வயது, கருவுற்றவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தடுப்பூசி நிலை, நீண்டகால நோய்க்கு மருந்து உட்கொள்வோர், படுக்கையிலேயே இருப்போர், குடிநீர் வரும் வழி, கழிப்பறை வசதி, கடந்த ஓராண்டில் மருத்துவத்துக்காகக் கடன் வாங்க நேர்ந்ததா என்ற கேள்வி ஆகியவை போதும். ஐம்பது கேள்விகளைக் கேட்டு எதையும் பயன்படுத்தாமல் விடுவதைவிட, பத்துக் கேள்விகளைக் கேட்டு ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நடவடிக்கை எடுப்பது மேல். வாடகைக்குக் குடியிருப்போர், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், கட்டுமானத் தளங்களில் தங்கியிருப்போர், வீடற்றோர் ஆகியோர் வாக்காளர் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் இந்தக் கணக்கிலும் விடுபட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் நோய் முதலில் தாக்குவது அவர்களைத்தான்.

சேகரித்த விவரங்களைத் தெருவாரியாக வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஊர் முழுமைக்குமான சராசரி பல குறைகளை மறைத்துவிடும். தொண்ணூறு விழுக்காடு தடுப்பூசி என்று அறிக்கையில் இருக்கும் ஊரில், விடுபட்ட குழந்தைகள் அனைவரும் இரண்டே தெருக்களில் இருக்கலாம். தட்டம்மை போன்ற வேகமாகப் பரவும் நோய் அந்த இரண்டு தெருக்களைத் தேடி வந்துவிடும். தனிநபரின் நோய் விவரம் அவருடைய அந்தரங்கம் என்பதால், பெயர் உள்ள பதிவேட்டைச் சுகாதாரப் பணியாளர் மட்டுமே பார்க்க வேண்டும். மன்றத்தின் பார்வைக்கு எண்ணிக்கைகள் மட்டும் செல்லட்டும். எச்.ஐ.வி., காசநோய், மனநலச் சிக்கல் போன்றவற்றில் ஒரே ஒரு முறை ரகசியம் கசிந்தாலும், அதன்பின் அந்தத் தெருவில் எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: குடிநீரையும் கழிவுநீரையும் சீர்செய்தல்

அதிக நேரமும் பணமும் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையின் சில வகைகள் ஆகியவை பெரும்பாலும் மனிதக் கழிவு குடிநீரிலோ உணவிலோ கலப்பதால் வருபவை. அந்தக் கலப்பைத் தடுக்கும் வால்வும் குழாயும் தொட்டியும் பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சியின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

தொட்டியில் குளோரின் கலப்பதோடு வேலை முடிந்துவிடாது. கடைக்கோடி வீட்டுக் குழாயில் அது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கல் இல்லாத நீரில் குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடங்கள் ஆன பிறகு, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவிலும், நீர் மக்களைச் சென்றடையும் இடத்தில் குறைந்தது 0.2 மில்லிகிராம் அளவிலும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. நிறம் மாறுவதைப் பார்த்து அளவறியும் சிறு கருவி போதும். பயிற்சி பெற்ற எவரும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். தொட்டியின் அருகிலுள்ள ஒரு குழாய், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நாள்தோறும் சோதித்து, முடிவை மக்கள் பார்க்கும் பலகையில் எழுதிவைத்தால், குளோரின் கலக்கப்படாத நாள் உடனே தெரிந்துவிடும்.

விட்டுவிட்டுத் தண்ணீர் வழங்கப்படும் ஊர்களில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. குழாயில் நீர் நின்றதும் அழுத்தம் குறைகிறது. விரிசல் உள்ள இடத்தில், வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மறுநாள் திறந்துவிடும் முதல் தண்ணீரோடு அது வீட்டுக்குள் வருகிறது. எனவே குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்து, முதலில் அவற்றைப் பழுதுபார்க்க வேண்டும். கலங்கல், துர்நாற்றம் பற்றிய புகார் வந்தால் அன்றே அந்தப் பகுதியின் நீரை எடுத்துச் சோதிக்கும் வழக்கத்தையும், அதுவரை மாற்று நீர் வழங்கும் ஏற்பாட்டையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

கழிப்பறை கட்டுவதோடும் கடமை தீர்வதில்லை. தொட்டி நிறைந்த பின் அள்ளப்படும் கசடு எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். லாரி அதை ஆற்றங்கரையில் கொட்டினால், ஒரு தெருவின் நோய் வேறொரு தெருவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கழிவை அகற்றும் பணியாளரை நச்சுவாயு நிறைந்த தொட்டிக்குள் இறங்கச் செய்வதை எந்த மன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. இயந்திரம் வாங்குவதும், அவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்வதும் சமூக மருத்துவச் சேவையின் பகுதிகளே.

கொசு ஒழிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரங்களைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுபடும். அதன் முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால் தேய்ப்பது முக்கியம். புகை அடிப்பது கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கையாக இருந்தாலும், நீரில் இருக்கும் புழுக்களை அது கொல்லாது.

நான்காம் படி: வீட்டுக்குச் செல்லும் பணியாளர்

பிரேசில் நாடு 1994-ல் தொடங்கிய குடும்ப நலத் திட்டத்தில், ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு செவிலிய உதவியாளர், அதே பகுதியில் வாழும் சில சமூக சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோர் ஒரு குழுவாக, வரையறுக்கப்பட்ட சில ஆயிரம் பேருக்குப் பொறுப்பேற்றனர். ஒவ்வொரு சமூகப் பணியாளரும் ஏறத்தாழ 150 குடும்பங்களைப் பார்த்துக்கொண்டார். இதை நடத்தியவை நகராட்சிகளே. இத்திட்டம் விரிவடைந்த பகுதிகளில் குழந்தை இறப்பு கூடுதலாகக் குறைந்ததை ஆய்வுகள் கண்டன. இந்த முறையின் வலிமை, எந்த வீடும் எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் விடப்படவில்லை என்பதில் இருக்கிறது.

இதை மேற்கொள்ளும் மன்றம் நான்கு விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். பணியாளர் அந்தப் பகுதியிலேயே வாழ்பவராகவும் மக்களின் மொழி பேசுபவராகவும் இருக்க வேண்டும். அவருக்கு உரிய மாத ஊதியம் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். தொண்டு என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாகப் பெறுவது நியாயமும் அன்று, நிலைக்கவும் செய்யாது. இருமல், காய்ச்சல், கர்ப்பகாலப் பார்வை என எல்லாவற்றையும் அவர் தலையில் சுமத்திவிட்டு, தேர்தல் வேலையையும் கணக்கெடுப்பு வேலையையும் மேலும் ஏற்றக் கூடாது. நான்காவதுதான் மிக அடிக்கடி மறக்கப்படுவது: அவர் அனுப்பிய நோயாளியை நிலையத்தில் மதித்து உடனே கவனிக்க வேண்டும். பரிந்துரைச் சீட்டோடு சென்றவர் திருப்பி அனுப்பப்பட்டால், அடுத்த முறை அந்தத் தெருவில் பணியாளரின் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

அவர் வாரந்தோறும் எடுத்துச் செல்ல வேண்டிய தாள், விடுபட்டவர்களின் பட்டியலாகும். தடுப்பூசித் தவணை தவறிய குழந்தை, பரிசோதனைக்கு வராத கர்ப்பிணி, இம்மாதம் மாத்திரை வாங்காத சர்க்கரை நோயாளி, ஆறு மாதச் சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்ட காசநோயாளி ஆகியோரின் பெயர்களைச் சுகாதார நிலையம் தன் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அவர் சென்று பார்த்து, வராததன் காரணத்தை எழுதி வருவார். இந்தக் காரணங்கள் விலைமதிப்பற்றவை. நேரம் ஒத்துவரவில்லை என்று பலர் சொன்னால், குறையை நிலையத்தின் நேரத்தில் தேட வேண்டும். ஊழியர் கடிந்து பேசினார் என்று சொன்னால், அதற்கான தீர்வு வேறு. விழிப்புணர்வு இல்லை என்ற ஒற்றைச் சொல்லால் இத்தனை காரணங்களையும் மூடிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: சுகாதார நிலையத்தை நம்பத்தக்கதாக்குதல்

மக்கள் ஒரு நிலையத்தை நம்புவதும் கைவிடுவதும் மூன்று கேள்விகளைப் பொறுத்தது. போனால் மருத்துவர் இருப்பாரா, மருந்து கிடைக்குமா, மரியாதையாக நடத்துவார்களா? பணியிடங்களை நிரப்புவது மன்றத்தின் கையில் இல்லாவிட்டாலும், யார் எந்த நாளில் இருப்பார் என்பதை வாயிலில் எழுதிவைக்கச் செய்யலாம். பணியாளருக்குத் தங்குமிடமும், இரவில் பாதுகாப்பும், தடையில்லா மின்சாரமும் நீரும் ஏற்பாடு செய்யலாம். நல்ல மருத்துவர்கள் ஓர் ஊரில் தங்குவதற்கு இவை பெரிதும் உதவுகின்றன. வாரத்தில் ஓரிரு நாட்கள் மாலையிலும் நிலையத்தைத் திறந்துவைத்தால், பகலில் வேலைக்குச் செல்வோர் கூலியை இழக்காமல் வர முடியும்.

மருந்து இருப்பைக் கண்காணிப்பது மன்றத்துக்கு மிக எளிது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரை, நாய்க்கடித் தடுப்பூசி என இருபது இன்றியமையாத பொருட்களைத் தேர்ந்து, மாதத்தில் எத்தனை நாட்கள் எது இல்லாமல் போனது என்று கேட்டாலே போதும். மாத இறுதியில் இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டால், இடையில் பத்து நாட்கள் மருந்தில்லாமல் நோயாளிகள் திரும்பிச் சென்றது தெரியவராது. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட வேண்டியவை என்பதால், குளிர்பதனப் பெட்டிக்கு மின்வெட்டின்போது மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் நேரில் சென்று பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: நெடுங்காலம் தொடரும் நோய்கள்

உயர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரே நாளில் பலரைப் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் அவர்களைப் பார்க்காமல் விட்டால், அதனால் எவருக்கும் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டிய எண்கள் நான்கு: நோய் இருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர், அவர்களில் கண்டறியப்பட்டவர் எத்தனை பேர், மருந்தைத் தொடர்வோர் எத்தனை பேர், இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்தவர் எத்தனை பேர்? எந்த எண்ணில் சரிவு பெரிதாக இருக்கிறதோ அங்கேயே முயற்சியைக் குவிக்க வேண்டும்.

பின்லாந்தின் வட கரேலியா மாகாணம் இதயநோய் இறப்பில் உலகிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்றாக இருந்தது. 1972-ல் அங்கே மருத்துவர்கள், பள்ளிகள், பெண்கள் அமைப்புகள், உணவு உற்பத்தியாளர்கள் ஆகிய எல்லாரையும் சேர்த்துக்கொண்டு புகைப்பழக்கத்தையும், உணவில் கொழுப்பையும் உப்பையும் குறைக்கும் திட்டம் தொடங்கியது. வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களின் இதயநோய் இறப்பு அடுத்த நாற்பது ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. உள்ளாட்சியின் கையில் இதற்கான கருவிகள் நிறையவே உள்ளன: பள்ளி உணவில் உப்பையும் சர்க்கரையையும் அளவிடுதல், புகையிலை விற்பனை விதிகளை உண்மையாகவே செயல்படுத்துதல், முதியவரும் நடக்கக்கூடிய தடையில்லா நடைபாதை, பெண்கள் அச்சமின்றி வரக்கூடிய வெளிச்சமான பூங்கா. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1970-களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வாகனங்களுக்கு மூடி, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் திறந்துவிடுகிறது. இருக்கும் சாலையையே அது பயன்படுத்திக்கொண்டது.

படுக்கையில் கிடப்போருக்கும் குணப்படுத்த இயலாத நோயோடு வாழ்வோருக்கும் வலிநிவாரணப் பராமரிப்பு வேண்டும். இந்தியாவின் கேரள மாநிலத்தில் உள்ளாட்சிகளின் ஆதரவோடு செவிலியர்களும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இத்தகையோரின் வீடுகளுக்கே சென்று பார்க்கும் முறை பரவலாக நிலைபெற்றிருக்கிறது. மற்ற நாடுகளும் கற்றுக்கொள்ளத் தக்க முறை இது.

ஏழாம் படி: மேல்சிகிச்சைக்கும் ஆபத்துக் காலத்துக்கும் ஆயத்தமாதல்

பிரசவகால இறப்புகளை ஆராய்ந்தோர் மூன்று தாமதங்களைச் சுட்டுகின்றனர்: மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதில். நிகழ்ந்த ஒவ்வொரு தாய் இறப்பையும் குழந்தை இறப்பையும் எவரையும் தண்டிக்கும் நோக்கமின்றி இந்த மூன்று கேள்விகளோடு ஆராய்ந்தால், வாகனம் வராத இரவு நேரம், மழையில் மூழ்கும் பாலம், வீட்டில் முடிவெடுக்க ஆளில்லாத நிலை எனத் திருத்தக்கூடிய காரணங்கள் வெளிப்படும்.

வெப்ப அலை, வெள்ளம், தொற்றுநோய் ஆகியவற்றுக்கான திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2010-ன் கொடிய வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத் மாநகராட்சி 2013-ல் ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. எந்த அளவு வெப்பத்தில் யார் எச்சரிக்கை விடுப்பது, எந்த இடங்களைக் குளிர்ந்த தங்குமிடமாகத் திறப்பது, மருத்துவப் பணியாளருக்கு என்ன பயிற்சி என்பவற்றை அது முன்பே வரையறுத்தது. அந்த வடிவத்தை எந்த ஆபத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

எட்டாம் படி: நிதியும் மக்கள் குழுவும்

கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது எளிது. ஊதியம், மருந்து, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்ற தொடர்செலவுக்குக் கிடைப்பதே கடினம். எந்தப் புதிய திட்டத்துக்கும் ஒப்புதல் தருமுன், அடுத்த ஐந்தாண்டு நடத்துவதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் பதில் பெற வேண்டும். கேரளம் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றின் பொறுப்பில் வந்தன. பொறுப்பும் பணமும் சேர்ந்தே வந்ததுதான் அந்த மாற்றத்துக்கு வலுவூட்டியது.

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989-ல், வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவுசெய்யும் முறையைத் தொடங்கியது. இந்த முறையைப் பின்பற்றிய பிரேசில் நகராட்சிகளில் துப்புரவுக்கும் சுகாதாரத்துக்கும் செல்லும் பங்கு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டின. உங்கள் ஊரின் நலக் குழுவில் துப்புரவுப் பணியாளர், நீண்டகால நோயாளி, இளம் தாய், மாற்றுத்திறனாளி ஆகியோர் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். அன்றைய கூலியை இழந்து வருவோருக்கு ஈடு தர வேண்டும். முந்தைய கூட்டத்தில் அவர்கள் கேட்டது என்னவாயிற்று என்பதே ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: அளவிடுதலும் ஒப்படைத்தலும்

ஆண்டுக்கு ஒருமுறை, வேறு பகுதியைச் சேர்ந்த பணியாளர்கள் வந்து சில வீடுகளைத் தற்செயலாகத் தேர்ந்து, பதிவேட்டில் உள்ளது உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையை மறைக்காமல் எழுதிய பணியாளர் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது. தண்டித்தால் அடுத்த ஆண்டு எண்கள் மட்டும் அழகாக மாறும். முன்னேற்றத்தை ஊர்ச் சராசரியில் பார்க்காமல், மிகப் பின்தங்கிய தெருவுக்கும் மிக முன்னேறிய தெருவுக்கும் இடையிலான இடைவெளி குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

மன்றங்கள் மாறும், அலுவலர்கள் இடம் மாறுவார்கள். ஆகவே தெருவாரி வரைபடம், நீர்ச் சோதனைப் பதிவேடு, மருந்து இருப்புக் கணக்கு, இறப்பு ஆய்வுகளில் கண்ட காரணங்கள், அவற்றில் திருத்தப்பட்டவை, இன்னும் நிலுவையில் உள்ளவை ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தொகுத்து, பொறுப்பு விலகுவோரும் ஏற்போரும் பொதுக்கூட்டத்தில் சேர்ந்து கையொப்பமிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் அடங்கிய பதிவேடு மட்டும் சுகாதார நிலையத்திலேயே பூட்டில் இருக்கும். பொதுக்கோப்பின் ஒரு படி நூலகத்திலோ பள்ளியிலோ எவரும் படிக்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட வேண்டும்.